உரைநூலும் விடைநூலும்

சென்ற கோடை விடுமுறைக்குப் பின் நம் சங்கச் செயற்குழுவில் ஒரு வழக்கு எழுந்ததை அன்பர்கள் பலரும் அறிவர். நம் காலனியில் வெவ்வேறு தெருவில் குடியிருக்கும் இரு வீட்டுப் பிள்ளைகள், எட்டாம் வகுப்பு மாணாக்கர், 1857-ஆம் ஆண்டுப் பெரும்புரட்சியின் காரணங்கள் என்னும் பொருள்பற்றிப் பள்ளிக்கு எழுதிச் சென்ற கட்டுரைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தாரல்லர். இணையத்தில் மாணாக்கர்க்கென்று வைக்கப்பட்டுள்ள விளக்கக் குறிப்பு ஒன்றை, நம் படிப்பகத்துக் கணினியிலேயே இருவரும் வெவ்வேறு நாளில் பார்த்து எழுதியிருந்தனர். பள்ளியிலிருந்து பெற்றோர்க்குக் கடிதம் வந்தது. “திருட்டு” என்ற சொல்லும் அதில் இருந்தது. அச்சொல்லைப் படித்தபின் அவ்விரு வீடுகளிலும் சில நாள் யாரும் சரியாக உண்ணவில்லை.

படிப்பகத்துக் கணினியை எடுத்துவிட வேண்டும், அலமாரியிலுள்ள கைடுகளையும் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும் என்று செயற்குழுவில் பெரியவர்கள் சிலர் வாதித்தனர். கைடு பார்த்தலும் காப்பியடித்தலும் ஒன்றே என்பது அவர்கள் கட்சி. “அப்பன் இரவு டூட்டி, அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, டியூஷனுக்குக் கொடுக்கப் பணமும் கிடையாது, அந்தப் பிள்ளை வேறு எதைப் பார்க்கும்?” என்று மறுகட்சியார் கேட்டனர். முடிவு ஒன்றும் ஏற்படாமல் கூட்டம் கலைந்தது. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது இந்த வழக்கையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றிற்று. நான் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் சேர்ந்து எழுத்தரானவன். ஆனால் கோப்பு ஒன்று மேசைக்கு வந்தால் அதன் பழைய தாள்களைப் புரட்டிப் பார்க்காமல் குறிப்பு எழுதக்கூடாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். கைடு என்னும் கோப்பின் பழைய தாள்கள் நாம் நினைப்பதைவிட மிகவும் பழையவை.

தமிழில் மூலநூல் தனியே உலவிய காலம் குறைவு. நூல் ஒன்று உண்டென்றால் அதற்கு உரை ஒன்று உண்டு. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை, ஏட்டில் ஏறுமுன் ஆசிரியர் வாயிலிருந்து மாணாக்கர் செவிக்கு முசிறியாசிரியர் நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே வந்ததென்று அவ்வுரையே கூறுகிறது. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர், பேராசிரியர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் எனப் பலர் உரை கண்டனர். திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்பது மரபு. அவர்களுள் பரிமேலழகரின்றிக் குறளைப் படிக்க நம்முள் எத்தனை பேரால் இயலும்?

உரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இலக்கணம் வகுத்தனர். நன்னூலார் காண்டிகையுரை, விருத்தியுரை என இரண்டாகப் பிரிக்கிறார். காண்டிகைக்கு அவர் சொல்லும் உறுப்புக்கள் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியன. இப்போது கடைத்தெருவில் வாங்கும் பத்தாம் வகுப்புக் கைடு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடச் சுருக்கம், அருஞ்சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உறுப்பு ஒன்றும் மாறவில்லை!

நான் பொன்மலையில் படித்த நாளில் எங்கள் வகுப்பில் கோனார் உரை இல்லாத பையன் அரிது. திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த ஐயன்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட நூல்வரிசை அது. அதனை நாங்கள் “கைடு” என்று சொன்னாலும் அட்டையில் “உரை” என்ற சொல்லே இருந்தது. அச்சொல்லை அவர்கள் விளையாட்டாகப் போட்டிருக்க மாட்டார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக இறங்கி வந்து உரை சொன்னார் என்பதே அதன் பொருள். பிற்காலத்தில் அதனைப் பின்பற்றி வந்தவற்றுள் பலவற்றை உரை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலப் பாட்டை அவை தொடுவதே இல்லை. வினாவையும் விடையையும் மட்டும் அடுக்கி வைக்கின்றன. அவற்றை விடைநூல் என்று வேறு பெயரிட்டு அழைத்தல் தகும்.

வினாவிடை என்பதும் நமக்குப் புதிதன்று. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றான கிரீசித்தியானி வணக்கம், 1579-இல் கொச்சியில் அச்சானது, ஆசிரியன் கேட்க மாணாக்கன் விடை சொல்லும் அமைப்பில் உள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இலக்கண வினாவிடை, சைவ வினாவிடை எனச் சிறுவர்க்கென்றே எழுதினார். நன்னூலுக்குக் காண்டிகையுரையும் அவரே செய்தார். பாதிரிமாரும் நாவலரும் சமயத்தில் எதிர்க்கட்சிகள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முறையில் மட்டும் இருவரும் ஒரு வழியே சென்றனர்.

இத்தனை உரைகளும் வினாவிடைகளும் இருந்தும், பழைய நாளில் உரையைப் பார்த்தவனை எவரும் திருடன் என்று சொல்லவில்லை. ஏன்? இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அக்காலத்தில் கல்வியைச் சோதித்தவர் மாணாக்கன் முகத்தை நேரே பார்த்துச் சோதித்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன் மணலில் எழுதினான், எண்சுவடியை உருப்போட்டான், சட்டாம்பிள்ளை முன்னும் உபாத்தியாயர் முன்னும் நின்று ஒப்பித்தான். பெரிய படிப்பிலோ, கற்ற செய்யுளுக்கு நாலு பேர் நடுவில் பொருள் விரித்துச் சொல்ல வேண்டும். உரையை மனப்பாடம் செய்து வந்தவனையும், “இச்சொல்லுக்கு இப்பொருள் எப்படி வந்தது?” என்று ஒரு கேள்வி கேட்டால் அடுத்த கணமே அவன் நிலை தெரிந்துவிடும். ஆகவே உரையை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை ஒளித்து வைத்துப் பயனில்லை.

நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டவனுக்கும் புலமையில் கால்பங்கே கைகூடும். உடன் கற்பாரோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு வரும். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துச் சொல்வதில் வரும். எங்கள் கணக்குப் பிரிவில் இப்படி ஒரு பங்கீடு வந்தால் தணிக்கையாளர் மறுப்பெழுத ஒன்றும் இராது.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்கு 1789-இல் தலைவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், பிள்ளைக்குப் பிள்ளையே கற்பிக்கும் வழியையும் கையாண்டு பார்த்தார். 1797-இல் அதுபற்றி நூல் எழுதினார். “மதராஸ் முறை” என்ற பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிகளில் அது பரவிற்று. நம் வீட்டுத் திண்ணை கப்பலேறிய கதை அது.

அதனால் திண்ணைப் பள்ளிக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் ஒருப்படேன். கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய விசாரணையின் முடிவில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாக 1826-இல் கணக்கு வந்தது. அம்மாணாக்கருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நேருக்கு நேர் சோதிக்கும் உபாத்தியாயர், தம் திண்ணையில் யார் ஏறலாம் என்பதையும் நேருக்கு நேர் பார்த்தே முடிவு செய்தார். என் பாட்டனாரின் பாட்டனார் ஏறியிருக்க மாட்டார். முகம் பாராமல் தாளை மட்டும் பார்த்துத் திருத்தும் பரீட்சை வந்தபின்னரே எங்கள் போன்ற குடும்பங்களுக்கு உத்தியோகம் கிட்டிற்று. ஆகவே பரீட்சையைக் குறை கூறும்போது அதன் இந்த நன்மையையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

அந்தப் பரீட்சை வந்த ஆண்டும் 1857 தான். மீரட்டிலும் டில்லியிலும் புரட்சி மூண்ட அதே ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. அவை தொடக்கத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் கொடுப்பதே அவற்றின் வேலை. பரீட்சகர் ஒருவர், எழுதுபவன் வேறொருவன். இருவரும் ஒருவரை ஒருவர் காண்பதில்லை. இடையில் இருப்பது விடைத்தாள் ஒன்றே. இன்ன நூலில் இன்ன பகுதி பாடம் என்பதும் முன்னரே அறிவிக்கப்பட்டுவிடும். இவை இரண்டும் கூடியவுடன் விடை என்பது கடையில் விற்கக்கூடிய சரக்காயிற்று. கற்றவனின் விடையும் வாங்கியவனின் விடையும் தாளில் ஒரேபோல் தோன்றும் அல்லவா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்களுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் செய்த வேலை வியப்புக்குரியது. 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1885-இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும் அச்சிட்டார். புதிய பரீட்சையில் முதலில் தேறியவரே பழைய உரைகளைத் தேடி அச்சுக்கூடத்துக்குக் கொண்டு வந்தார். பரீட்சைக்கும் புலமைக்கும் இயல்பான பகை ஒன்றும் இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

பாடம் வைத்தவுடன் உரை வேண்டியதாயிற்று. சீவகசிந்தாமணியின் நாமகளிலம்பகத்தை மட்டும் பவர் துரை என்னும் பாதிரியார் 1868-இல் உரையுடன் அச்சிட்டார்; கல்லூரிப் பிள்ளைகள் அந்த ஒரு பகுதியோடு நின்றனர். முழு நூலையும் படித்ததுண்டா என்று கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் 1880-இல் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டிருந்த உ. வே. சாமிநாதையரும் இல்லை என்றே சொல்ல நேர்ந்தது. அந்தக் கேள்வியின் பயனாக 1887-இல் நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி முழுதும் வெளிவந்தது. 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றுக்குக் கிடைத்த பழைய உரையோ 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. உரைகள் ஒன்றுமே வேண்டா, மூலத்தை மட்டும் பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லும் பெரியவர்கள், தயைகூர்ந்து 269-ஆம் பாட்டை எடுத்து, புத்துரை எதையும் திறவாமல் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பரீட்சைக்காகவே பாடம் என்ற நிலை வெகுவிரைவில் வந்துவிட்டது. கர்ஸன் பிரபு அமைத்த இந்தியப் பல்கலைக்கழகக் கமிஷன் 1902-இலேயே, இங்கே போதனைக்குப் பரீட்சை கட்டுப்படாமல் பரீட்சைக்குப் போதனை கட்டுப்பட்டுக் கிடப்பதே பெருங்கேடு என்று எழுதிற்று. அதன்பின் எத்தனை கமிஷன்கள்! நோய் இன்னதென்று எல்லாரும் ஒரே சீட்டை எழுதினர். மருந்தை எவரும் வாங்கவில்லை.

விடைநூல் வியாபாரம் நம் நாட்டுக் குறை என்று எண்ண வேண்டா. கனடா தேசத்து டொரண்டோவில் கோல்ஸ் என்னும் புத்தகக் கடைச் சகோதரர்கள் 1948-இல் இவ்வகைக் குறிப்பு நூல்களைத் தொடங்கினர். அவர்களிடம் உரிமை பெற்று, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்பவர் 1958-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பதினாறுக்குக் குறிப்பு வெளியிட்டார். முதல் போட்டது கடன் வாங்கிய 4,000 டாலர். அலுவலகம் தம் வீட்டின் நிலவறை. மூலநூலுக்கு இக்குறிப்பு மாற்று ஆகாது என்று தம் கையெழுத்தோடு ஒரு வாசகத்தையும் அவர் நூலில் சேர்த்திருந்தார். படித்தவர் எத்தனை பேர் அதை மதித்தனரோ! நம் ஊர் விடைநூல்களில் அந்த வாசகத்தைக்கூட நான் கண்டதில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கும் போயிற்று. அதுவும் நம் சென்னையில். இ. எம். ஃபார்ஸ்டர் என்னும் ஆங்கில ஆசிரியர் 1924-இல் எழுதிய “எ பாசேஜ் டு இந்தியா” என்னும் நாவல் கல்லூரிப் பாடமாயிருந்தபோது, சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அதற்குக் கைடு வெளியிட்டார். ஃபார்ஸ்டரே வாதியாக நின்றார். கைடு வெளியிட்டது மூலநூலின் பதிப்புரிமைக்குக் கேடன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் அத்தீர்ப்பு இருக்கிறது. பின்னர் டில்லி உயர்நீதிமன்றத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதேபோல் ஒரு வழக்குத் தொடுத்தது. ஜம்மு காஷ்மீரத்தின் பதினோராம் வகுப்புக் கணித நூலுக்குப் பிறர் கைடு போட்டதே காரணம். மூலநூலில் விடை மட்டும் இருக்க, கைடில் படிப்படியாக வழி காட்டப்பட்டிருந்தது. ஆகவே அது வேறு பயன் தரும் வேறு நூல் என்று கண்டு, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. வழி காட்டுதல் வேறு, விடையை மட்டும் நீட்டுதல் வேறு என்ற பாகுபாட்டை நீதிபதியும் கண்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆயினும் நீதிமன்றம் கேட்ட கேள்வி, நூலாசிரியனின் பொருள் களவு போயிற்றா என்பது. நம் செயற்குழுவின் கேள்வி, பிள்ளையின் கல்வி களவு போயிற்றா என்பது. முன்னதற்கு வந்த விடை பின்னதற்குப் போதாது.

வடநாட்டில் இப்புத்தகங்களுக்குக் குஞ்சி என்று பெயர். குஞ்சி என்றால் திறவுகோல். ஆங்கிலத்திலும் பழைய நாளில் அவ்வாறே சொல்வர். சாவியைக் கொண்டு வீட்டைத் திறந்து உள்ளே புகுவோரும் உண்டு. சாவி கையிலிருப்பதையே வீடு என்று எண்ணி வாசலில் நிற்போரும் உண்டு. இதில் எங்கள் இலாகா சற்றுத் தெளிவாயிருக்கிறது. இரயில்வேக் கணக்குப் பிரிவின் தேர்வுகளில் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதும் தாளும் உண்டு. விதிநூல் முழுதும் மேசைமேல் விரிந்திருக்கும், எவரும் தடுப்பதில்லை. அப்படியும் பலர் தேறுவதில்லை! எந்த விதி எங்கே இருக்கிறது, இந்த நேர்வுக்கு அது பொருந்துமா என்று அறியாதவனுக்குப் புத்தகம் துணை செய்வதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் இவ்வகையில் ஒரு தேர்வை 2014 முதல் சில ஆண்டு ஒன்பதாம், பதினோராம் வகுப்புக்களுக்கு நடத்தி, 2017–18 கல்வியாண்டில் நிறுத்திவிட்டது.

இனி இணையத்துக்கு வருவோம். இணையத்து விளக்கக் குறிப்பு என்பது கைடு, காகிதத்திலிருந்து கண்ணாடித் திரைக்கு மாறிய உருவமே. ஆனால் காசில்லாமல் கிடைக்கிறது; இரவு பன்னிரண்டு மணிக்கும் கிடைக்கிறது. அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர், நடிகர் அல்லர், தூரத்திலிருந்த உறவினர் பெண் ஒருத்திக்கு 2004-இல் தொலைபேசி வழியே கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006 முதல் அப்பாடங்களைப் படம்பிடித்து யூடியூபில் இட, உலகெங்கும் பிள்ளைகள் பார்த்தனர். நம் அரசும் திக்‌ஷா என்னும் தளத்தை 2017-இல் ஏற்படுத்திற்று. பின்னர் 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் அடைபட்டபோது நடந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கைப்பேசி இல்லாத வீட்டார் கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கினர். பிள்ளை அதைப் பார்த்தே படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடமே சொல்லிற்று. அன்று ஆசிரியராயிருந்த கைப்பேசி, பள்ளிக் கதவு திறந்த மறுநாளே திருட்டுச் சாமானாக மாறிவிட்டதென்றால், பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்?

டில்லியிலுள்ளதுபோல் தமிழர் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகள் நம் ஊரில் இல்லை என்பதையும் இங்கே எண்ண வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவே நம் பிள்ளை நிற்கிறது. அதற்கு உரையாசிரியர் வேண்டும். வீட்டில் இல்லாத உரையாசிரியரை அது இணையத்தில் தேடுகிறது.

களவு என்பது எது என்று சட்டமும் சொல்லிப் பார்த்தது. உத்தரப் பிரதேசத்தில் 1992-இல் காப்பியடித்தலைக் குற்றமாக்கி ஒரு சட்டம் செய்தனர். பரீட்சை எழுதிய பிள்ளைகளையே போலீசார் பிடித்துச் சென்றனர். அடுத்து வந்த அரசு அச்சட்டத்தை நீக்கிற்று. மத்திய அரசு 2024-இல் செய்த பொதுத்தேர்வுச் சட்டம் இரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத் தேர்வுகளுக்கும் பொருந்தும். வினாத்தாளைக் கசியவிடுவோரையும் கூட்டாகச் சேர்ந்து மோசடி செய்வோரையும் அது முக்கியமாகப் பிடிக்கிறது. கைடு பார்த்துப் படித்தவனை எந்தச் சட்டமும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

நான் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பொருள் விளங்குவதற்காகக் குறிப்பைப் பார்ப்பது களவன்று. அது உரை கேட்டல். குறிப்பில் உள்ளதைப் பெயர்த்தெழுதி, கீழே தன் பெயரையிட்டு, இது நான் எழுதியது என்று கொடுப்பது களவே. அலுவலகத்தில் மேனுவலைப் பார்த்துக் குறிப்பெழுதாத எழுத்தர்தான் ஆபத்தானவர். இன்னொருவர் எழுதிய குறிப்பின் கீழ்த் தம் கையெழுத்தை இடுபவர் அவரிலும் ஆபத்தானவர். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பிள்ளைகளுக்கு நாம் யாரும் காட்டியதில்லை. “எங்கிருந்து எடுத்தாய் என்று அடியில் எழுது” என்ற ஒரு வரியைப் பள்ளியும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

கடிதம் வந்த பின்னர் அந்த இரு பிள்ளைகளையும் தனித்தனியே நான் படிப்பகத்தில் கண்டு பேசினேன். கொழுப்புத் தோட்டா என்றால் என்ன என்று கேட்டேன். பெண், “மாமா, அதைப் பல்லால் கடித்துத்தான் துப்பாக்கியில் போடணும். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்குன்னு சொன்னதாலே ரெண்டு மதத்துச் சிப்பாயும் மாட்டேன்னுட்டாங்க” என்று தொடங்கி, 1856-இல் அவத் நாட்டைக் கம்பெனியார் சேர்த்துக்கொண்டது வரைக்கும் பத்து நிமிடம் விடாமல் சொன்னாள். இந்தியிலுள்ள காணொளியை மூன்றுமுறை பார்த்தாளாம். ஆங்கிலத்தில் எழுத வராததால் அந்தக் குறிப்பைப் பெயர்த்து எழுதினாளாம். பையனோ மீரட் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் அறியான். இருவர் கட்டுரையும் ஒன்று. இருவர் பெற்ற மதிப்பெண்ணும் சுழி. இருவர்க்கும் வந்த கடிதமும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து எடுத்தது இருவர் பேரிலும் குற்றந்தான். ஆனால் அப்பெண்ணுக்கு அந்த வரலாறு தெரியும் என்பதை அறியப் பள்ளிக்கூடத்தில் எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அவள் அன்றுமுதல் படிப்பகத்துக்கு வருவதில்லை. கணினியை எடுத்துவிட்டால் இவ்விருவருள் யாருக்கு நட்டம் என்பதைச் செயற்குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளையை நோக்கி, “1857-இன் காரணங்களை இரண்டு பக்கத்தில் எழுது” என்று கேட்கும் வினாவும் இதில் ஒரு கூட்டாளி. அவ்வினாவுக்கு விடை ஆயிரம் இடத்தில் ஆயத்தமாய்க் கிடக்கிறது. இனி இரண்டு கட்டுரைகள் ஒன்றாயிருக்கப் போவதும் இல்லை. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், கேட்பவர்க்குக் கேட்பவர் வேறு வேறு நடையில் கட்டுரை வனைந்து தருகின்றன. வீட்டுப்பாட விடைகளைச் சந்தாவுக்கு விற்றுவந்த செக் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் பங்கு விலை, இக்கருவியால் புதிய வாடிக்கையாளர் வரவு குறைகிறது என்று அக்கம்பெனி சொன்னவுடன், 2023 மே 2-ஆம் நாள் ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாய் விழுந்தது. விடை விற்றவன் கடையையே இன்னொரு விடைக்கடை சாய்த்துவிட்டது. நம் காலனிப் பிள்ளைகள் ஒரே கட்டுரையை எழுதியதால் அகப்பட்டனர். அடுத்த ஆண்டு எழுதுவோர் அகப்படமாட்டார். அப்போது தாளைப் பார்த்து ஒன்றும் தெரியாது. பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டால்தான் தெரியும். பவணந்தியாரின் அந்த அரைப்பங்கு நமக்கு மறுபடியும் வேண்டியிருக்கிறது.

ஆகையால் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கணினியும் இருக்கட்டும், கைடும் இருக்கட்டும். சனிக்கிழமை மாலைத் தமிழ் வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம், அந்த வாரம் பள்ளிக்கு எழுதியதைப் பிள்ளைகள் புத்தகத்தையும் கைப்பேசியையும் மூடி வைத்துவிட்டு, எழுந்து நின்று தம் சொல்லில் சொல்லட்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும். கேட்பதற்கு வாரம் இரண்டு பெரியவர்கள் போதும், பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை, “அப்படியென்றால் என்ன?” என்று கேட்கத் தெரிந்தால் சரி. தாய்மார்களும் வரலாம். முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று அவளை அழைத்து வருவதாக நம் மகளிர் பிரிவுத் தலைவி சொல்லியிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் தங்கள் ஷிப்டு நேரத்தை ஒரு தாளில் எழுதிப் படிப்பகப் பெட்டியில் இட்டால், தை மாதத்துக்கு முன் முறைப்பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.